ஞாயிறும் புதனும் ஒரு மாத்திரை

பங்குனி கடைசி. விடைத்தாள் திருத்தும் மையத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதினியிடமிருந்து போன். "எடுத்துரணும்னு சொல்லிட்டாக தாயி. வர்ற வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்காக. நாலு நாள் லீவு போட்டுக் கூட இருப்பியா?" எதை எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செல்லம்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் நாற்பது தாண்டிய ஒரு பெண் 'எடுத்துரணும்' என்றால் கடைவாய்ப் பல்லையா எடுக்கப் போகிறார்கள்.

மதினிக்கு நாற்பத்து நாலு. பூ எடுக்கிற வேலை. விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகைத் தோட்டத்தில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மற்றவர்கள் எடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு மொட்டு எடுத்துவிடுகிற கை. இரண்டு வருடமாக மாதத்தில் பத்து நாள் அந்தக் கை வீட்டில் கிடந்தது. நாப்கின், அதற்கு மேல் துணி, அதற்கு மேல் உள்பாவாடையை இறுக்கிச் சுருட்டி, அப்படியும் பஸ்ஸில் உட்கார பயம். அழகர் ஆற்றில் இறங்குவதை இரண்டு சித்திரையாக டிவியில்தான் பார்த்தார்.

இதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு, பெரும்பாடு. சித்த வைத்தியத்தில் இருக்கும், எங்கள் அம்மாச்சியும் அப்படித்தான் சொல்லும். 'பெரும்பாடு பட்டு வளர்த்தேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தமும் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று சாயங்காலமே ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறிவிட்டேன்.

போனதும் ரிப்போர்ட்டைத்தான் கேட்டேன். ஒரே ஒரு ஸ்கேன். கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருக்கிறது, உள்சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் ஏழு புள்ளி நாலு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அங்கே பத்து நிமிடம் பார்த்திருக்கிறார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கும்மா? விட்டா புத்துநோயாப் போயிரும். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டு எடுத்துரலாம்." அண்ணன் டாடா ஏஸ் ஓட்டுகிற ஆள், வண்டியின் ஆர்.சி. புக்கை எங்கே அடமானம் வைப்பது என்று யோசித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நான் கோபப்படுவதற்குக்கூட நேரம் இல்லை, ஏனென்றால் அப்போதுதான் ஃபிரிட்ஜ் மேல் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த அட்டையைப் பார்த்தேன். மாத்திரை அட்டை. பெயர் சாயா.

"இது யாருக்கு?"

"அது நம்ம புள்ளைக்கு. அடுத்த புள்ள சீக்கிரம் தங்கிராம இருக்க நர்சக்கா குடுத்தாக. டீ மாத்திரையாம்ல" என்று அந்தக் கஷ்டத்திலும் மதினி சிரித்தார். அண்ணன் மகள் எட்டு மாதக் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். சாயா என்றால் இந்தியில் நிழல், நமக்கு டீ. டெல்லியில் உட்கார்ந்து பெயர் வைக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். கூடவே கொடுக்கிற மூன்று மாத ஊசிக்கு அந்தரா என்று பெயர், கேட்கிறவளுக்கு அந்தரத்தில் தொங்குவது போலத்தான் இருக்கும்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஆர்மிலாக்சிஃபின், முப்பது மில்லிகிராம். நான் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு பேராசிரியர் கரும்பலகையில் இந்த மூலக்கூறை வரைந்து, "இது நம்ம சரக்கு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அதன் பெயர் சென்ட்குரோமன் என்று எழுதியிருந்தார்.

நம்ம சரக்கு என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. லக்னோவில் 1951-ல் நேரு திறந்துவைத்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முழுக்க அரசுப் பணத்தில் ஓடுவது, ஆரம்பத்தில் நவாபுகளின் பழைய அரண்மனை ஒன்றில்தான் இயங்கியது. அங்கே உருவான மருந்து இது. 'சென்ட்' என்பது அந்த நிலையத்தின் பெயரில் இருக்கும் சென்ட்ரல், 'குரோமன்' என்பது அதன் வளையத்தின் பெயர். அதை உருவாக்கிய அணியில் முக்கியமானவர் நித்யா ஆனந்த், 1974 முதல் 1984 வரை அங்கே இயக்குநராகவும் இருந்தார், 2024 ஜனவரியில் காலமானார். நம் ஊர் செய்திகளில் இரண்டு வரி வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. 1991-ல் சஹேலி என்ற பெயரில் திருவனந்தபுரத்து அரசு நிறுவனம், அதே நிரோத் செய்கிற எச்.எல்.எல்., சந்தைக்குக் கொண்டுவந்தது. சஹேலி என்றால் தோழி. பெயர் நன்றாகத்தான் இருந்தது, தோழியை யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கத்தான் ஆளில்லை.

இதன் விசேஷம் என்னவென்றால் இது ஹார்மோன் மாத்திரை கிடையாது. மாலா போன்ற சாதாரண கருத்தடை மாத்திரைகளில் இருப்பது ஸ்டீராய்டு ஹார்மோன், நான்கு வளையம் ஒட்டிக்கொண்ட அமைப்பு, அதைத் தினமும் போட வேண்டும், ஒரு நாள் மறந்தால் வம்பு. இதில் அந்த நான்கு வளையம் இல்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காருகிற இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆரப்பாளையத்தில் பஸ் உள்ளே வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோமே, அதுதான். துண்டு ஆள் இல்லை, டிக்கெட் எடுக்காது, ஊருக்கும் போகாது, ஆனால் இடம் போய்விட்டது. ஈஸ்ட்ரோஜன் வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே போக வேண்டியதுதான். கர்ப்பப்பையில் இந்தத் துண்டு கிடந்தால் உள்சவ்வு அளவுக்கு மீறித் தடிக்காது, கருமுட்டை வரும் நேரமும் சவ்வு தயாராகும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால் கரு தங்காது. சூலகம் தன்பாட்டுக்கு வேலை செய்யும், முட்டையும் வெளிவரும். எலும்பில் மட்டும் அதே துண்டு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும், அதனால் எலும்புக்குக் கெடுதல் இல்லை. இது எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த கணக்கு, உடம்பில் போன மருந்து பாதியாகக் குறைய கிட்டத்தட்ட ஏழு நாள் ஆகும். அதனால்தான் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, ஞாயிறு போட்டால் அடுத்தது புதன், அப்புறம் வாரத்துக்கு ஒன்று.

சரி, கருத்தடை மாத்திரைக்கும் மதினிக்கும் என்ன சம்பந்தம்? சவ்வு அளவுக்கு மீறித் தடிக்காது என்று சொன்னேனே, அங்கேதான். தடித்த சவ்வு உரிந்து வருவதுதான் பெரும்பாட்டில் பாதி. இதே மருந்து, இதைவிட இரட்டிப்பு அளவில், அறுபது மில்லிகிராம் மாத்திரையாக, அதிக ரத்தப்போக்குக்கே இந்தியாவில் எழுதித் தருகிறார்கள். வாரம் இரண்டு வீதம் பன்னிரண்டு வாரம், அப்புறம் வாரம் ஒன்று. நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் சின்னச் சின்ன ஆய்வாகச் செய்து, ரத்தப்போக்கு நன்றாகக் குறைகிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். மதினியின் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது, அதைத் தவிர்க்கக்கூடிய மருந்தோ அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே, வேறு ஒரு காரணத்துக்காக, வேறு ஒருத்திக்காக, விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் கிடக்கிற அட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், நானும் அப்படிக் கொடுக்கவில்லை. நாற்பதுக்கு மேல் இப்படிப் போனால் முதலில் சவ்விலிருந்து சதை எடுத்து டெஸ்ட் செய்து புற்றுநோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஈரல் கோளாறு, மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ்., இருக்கிறவர்களுக்கும் வேண்டாம் என்றிருக்கிறது. அந்தக் கடைசி வரி எனக்கானது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன், இந்த மருந்தை உருவாக்க அரசாங்கம் ஏன் பணம் போட்டது? மதினியின் பெரும்பாட்டுக்காகவா? இல்லவே இல்லை. 1952-ல் உலகத்திலேயே முதலில் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஆக்கிய நாடு நம்முடையது. சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர், ஆரம்ப சுகாதார நிலையச் சுவர் முழுக்க அதுதானே. பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி அரசுப் பணத்தில் கேட்கப்பட்ட கேள்வி ரொம்ப காலத்துக்கு ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை வராமல் இருக்க என்ன வழி. வலிக்கிறதா, ரத்தம் அதிகமாகப் போகிறதா, பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறாளா, இதெல்லாம் அந்தப் பரீட்சையில் சிலபஸில் இல்லாத பாடம். பெரும்பாட்டுக்கு அந்த மருந்து கேட்டது ஒரு உபரி லாபம். உரலில் நெல் குத்தும்போது கிடைத்த தவிடு மாதிரி, மாட்டுக்கு நல்லதுதான், ஆனால் அதற்காக யாரும் உலக்கையைத் தூக்கவில்லை. 2020-லேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளைதான் என்றது அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு, மக்கள்தொகை அப்படியே நிற்பதற்கே 2.1 வேண்டும். நிறுத்துகிற வேலை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சுவரில் முக்கோணம் மட்டும் இன்னும் வெளுத்துப்போய் நிற்கிறது.

அந்த ஒரு உபயோகத்தையாவது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1991-ல் கடைக்கு வந்த மருந்து, சாயா என்று பெயர் மாறி இலவசமாக அரசுத் திட்டத்துக்குள் வர 2016 ஆனது. இருபத்தைந்து வருடம். நம் வரிப்பணத்தில் கண்டுபிடித்தது, அரசு நிறுவனம் தயாரித்தது, அது அரசு சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரிக்கு வந்து சேர ஒரு பெண் பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆகிற காலம்.

கர்ப்பப்பையை எடுப்பதில் இந்தத் தாமதமெல்லாம் கிடையாது. நான்காவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16-ல், முதல்முறையாக 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களா' என்று பெண்களிடம் கேட்டார்கள். அதற்கு முன்பு அந்தக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு கேள்வியே இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு 3.3 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரியில், பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கும் வலியும். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் வேலை கெடாமல் இருக்க எடுத்துக்கொண்ட கதை 2019-ல் பேப்பரில் வந்தது, மதினிக்கும் பூத்தோட்டம்தான் கணக்கு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்து நிமிட ஆலோசனை நடந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

நீர்க்கட்டி விஷயத்துக்கு வருகிறேன். 2013-ல் எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். விசேஷ வீடுகளில் 'ஒண்ணும் விசேஷமில்லையா' என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குப் பயந்தே தாம்பூலம் வாங்காமல் ஓடிவந்த காலம். நீர்க்கட்டி என்றார்கள். பெயரே தப்பு. அது கட்டியும் இல்லை, வெட்டி எடுக்கிற சமாச்சாரமும் இல்லை, முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், ஸ்கேனில் கறுப்புப் புள்ளியாக வரிசை கட்டித் தெரிகின்றன. 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதியதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதுமே மாமியார் அழுததுதான் ஞாபகம் இருக்கிறது.

மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் குளோமிஃபின், அதாவது முட்டை வளர வைக்கிற மாத்திரை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபாலிக்குலர் ஸ்டடி, முட்டை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று அளப்பது. பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடுக்கு பெர்மிஷன் போட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நாலு மாதம் ஒன்றும் வளரவில்லை. லெட்ரசோல் என்று ஒன்று இருக்கிறதாமே என்று படித்துவிட்டு வந்து கேட்டேன். டாக்டரம்மா நல்லவர், "இருக்கும்மா, நானே குடுத்துக்கிட்டிருந்தேன், இப்ப தடை பண்ணிட்டாங்க" என்றார். உண்மைதான், 2011 அக்டோபரில் குழந்தையின்மைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டிருந்தது.

காரணம் 2005-ல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சிறு அறிக்கை, பிள்ளைகளுக்குக் குறைபாடு வரலாம் என்று. அடுத்த வருடமே கனடாவில் 911 குழந்தைகளைப் பார்த்து அப்படி ஒன்றும் கூடுதலாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயம் பயம்தான். பெரிய அளவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும். யார் செய்வது? லெட்ரசோல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மாத்திரை, அமெரிக்காவில் 2011-ல் காப்புரிமை முடிந்துவிட்டது, எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் செய்து சில ரூபாய்க்கு விற்கலாம். அந்த மாதிரி மாத்திரைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வு செய்ய எந்தக் கம்பெனி வரும்? வரவில்லை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம்தான் தன் பணத்தில் செய்தது. நீர்க்கட்டியுள்ள 750 பெண்கள், பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. 2014-ல் முடிவு வந்தது: லெட்ரசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபினில் 19.1. குறைபாடுகளில் பெரிய வித்தியாசமில்லை. இன்று உலகம் முழுக்க முதல் மாத்திரை அதுதான். இங்கே தடை விலக 2017 ஆகிவிட்டது.

எனக்குப் பையன் 2016-ல் பிறந்தான். குளோமிஃபினாலா, பத்து கிலோ குறைத்ததாலா, மடப்புரத்துக் காளிக்கு மாமியார் நேர்ந்துகொண்டதாலா என்று கேட்டால் வீட்டில் மூன்று பேரும் மூன்று பதில் சொல்வோம். ஆனால் அந்த நாலு மாதம் எனக்குத் திரும்பி வராது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நம் ஊரிலும் கேள்வி மெல்ல மாறுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மதுரைக்காரர்களுக்கு ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், என்றால் சின்னச் சொக்கிகுளத்தில் இருந்த கொசு ஆராய்ச்சி ஆபீஸ்தான், மூளைக்காய்ச்சல் பரப்புகிற கொசுவைத் தேடி வயலில் இறங்குவார்கள். அதே ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க 18 முதல் 40 வயதுவரை கிட்டத்தட்ட பத்தாயிரம் பெண்களிடம் நீர்க்கட்டியைக் கணக்கெடுத்து 2024-ல் வெளியிட்டது. ஒரு அளவுகோலில் 7.2 சதவீதம், இன்னொன்றில் 13.6, மூன்றாவதில் 19.6. பெண்கள் அதே பெண்கள்தான், அளவுகோல்தான் வேறு. நூற்றில் ஏழு என்பதா ஐந்தில் ஒருத்தி என்பதா என்பதே இன்னும் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது, ஆனால் தெருவுக்கு மூன்று விளம்பரப் பலகையில் கருத்தரிப்பு மையத்துக்காரர்கள் குழந்தைப் படம் போட்டாகிவிட்டது.

பிள்ளை வராமல் இருக்க வழி தேடுகிற நாட்டில் பிள்ளை வர வழி கேட்ட ஒரு அரசு டாக்டருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய். உலகத்தின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்து எழுபதே நாளில், 1978 அக்டோபர் 3-ல், இங்கே ஒரு பெண் குழந்தை பிறக்க வழி செய்தார். அரசு போட்ட கமிட்டி நம்பவில்லை. அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவும் ஐ.சி.எம்.ஆர். இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தின் ஆனந்த் குமாரும் சேர்ந்து செய்ததுதான் அதிகாரபூர்வமாக நாட்டின் முதல் குழந்தை. அந்த ஆனந்த் குமாரே பின்னால் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு 1997-ல், முதலில் செய்தவர் நானில்லை, அவர்தான் என்று எழுதினார். தனக்கு வந்த மாலையைக் கழற்றி இன்னொருவர் படத்துக்குப் போடுகிற மனசு. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

கதைக்கு வருவோம். வியாழக்கிழமை மதினியை அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்குக் கூட்டிப்போனேன். காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி மதியம் பன்னிரண்டரைக்கு உள்ளே போனோம், ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா இருபது நிமிடம் பேசினார். எத்தனை நாள், எத்தனை துணி, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார். மதினிக்கு வாய் வரவில்லை. "நிறையப் போகுதும்மா" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நிறைய என்றால் எவ்வளவு? ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று புத்தகத்தில் இருக்கிறது. 80 மில்லி என்பது டீக்கடை கிளாஸ் நிறையாத அளவு. யார் அதை அளந்து பார்ப்பது?

சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணனை விட்டு அந்த வெள்ளிக்கிழமைத் தேதியை ரத்து செய்யச் சொன்னோம். நான் வீட்டுக்கு வந்து ஒரு வேலை பார்த்தேன். 1990-ல் இங்கிலாந்தில் ஒரு படஅட்டை செய்திருக்கிறார்கள், அளக்க முடியாததை எண்ணிப் பார்க்க. லேசாகப் பட்ட நாப்கின் படம், அதற்கு 1. பாதி நனைந்தது, 5. முழுக்க நனைந்தது, 20. சின்னக் காசு அளவு கட்டி வந்தால் 1, பெரிய காசு அளவு வந்தால் 5. எல்லாவற்றையும் கூட்டி நூறு தாண்டினால் 80 மில்லி தாண்டிவிட்டதாகக் கணக்கு. அவர்கள் போட்டது இங்கிலாந்துக் காசு, நான் ஒரு ரூபாயையும் பத்து ரூபாயையும் பேனாவால் சுற்றி வரைந்தேன். சிவப்புப் பேனா ஒரு தாளுக்கே தீர்ந்துபோனது. (விடைத்தாள் திருத்தியதில் ஏற்கனவே பாதி போயிருந்தது.)

மதினி அதைச் சமையலறையில் முருகன் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். காலண்டரைத் தூக்கினால்தான் தெரியும், அண்ணன் கண்ணில் படாது. பூ எடை போட்டுப் பழகிய கை, கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுகிற கணக்கில் போட்டுவைத்திருந்தார். சித்திரையில் வந்த முதல் கணக்கை நான் போனிலேயே கூட்டினேன். முழுசாக நனைந்தது பதின்மூன்று, 260. பாதி எட்டு, 40. பெரிய கட்டி இரண்டு, சின்னது இரண்டு. மொத்தம் 312.

"முந்நூத்துப் பன்னெண்டா? எவ்வளவுக்கு?" என்றார்.

"நூறுக்குள்ள இருக்கணும் மதினி."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "நானா மிகைப்படுத்திச் சொல்றேன்னு உங்க அண்ணன் ரெண்டு வருசமாச் சொல்லுச்சு" என்றார் அப்புறம்.

டெஸ்ட்டில் புற்றுநோய் இல்லை. அடுத்த முறை போனபோது அந்தத் தாளையே டாக்டரம்மாவிடம் நீட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதை யாரு வரைஞ்சது?" என்று கேட்டார், அவ்வளவுதான், ஆனால் சீட்டில் 312 என்று எழுதிக்கொண்டார். அறுபது மில்லிகிராம் மாத்திரை, ஞாயிறும் புதனும். இரும்புச்சத்து ஊசி நரம்பு வழியாக. கேட்கவில்லை என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கிறது, அதற்கும் சரிவரவில்லை என்றால் அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். கடைசியில் வர வேண்டியது கடைசியில்.

வைகாசியில் மாதவிலக்கே வரவில்லை. இந்த மருந்தில் சிலருக்குத் தேதி தள்ளிப்போகும், டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார், மதினிக்கு அது காதில் ஏறவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "தாயி, பேரப்புள்ள எடுத்த வயசுல எனக்கு இது தேவையா? ஊர் சிரிக்கும்." சாயாவே பிள்ளை தங்காமல் இருக்கக் கொடுப்பதுதானே என்று விளக்கி, காலையில் கார்டு வாங்கி டெஸ்ட் செய்து இல்லை என்று ஆகி, அதற்குள் அண்ணன் ஒரு நாள் முழுக்கத் தலை குனிந்து திரிந்ததாம். அந்த ஒரு நாளுக்காகவாவது அந்த மாத்திரைக்கு ஒரு கும்பிடு என்றார் மதினி.

ஆனியில் 140. ஆடியில் முழுசு இரண்டு, பாதி ஏழு, லேசு ஆறு, ஆக 81. ரத்தம் பத்தரைக்கு ஏறியிருந்தது. ஆடி வெள்ளிக்குப் பூ விலை ஏறுகிற நேரம், ஒரு நாளும் லீவு போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, தோட்டத்தில் கூட வேலை பார்க்கிற பொம்பளைகள் நாலைந்து பேருக்கு அந்தத் தாள் வேண்டுமாம், நர்சக்காவும் ஒன்று கேட்டாராம், அழகாக வரைந்து கொடு என்றார். மறுபடியும் சிவப்புப் பேனா வாங்கி, இந்த முறை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு வரைந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்த்தார். சிவப்புக் கட்டம், காசு வட்டம், பக்கத்தில் 1, 5, 20.

"என்ன டீச்சர், சயின்ஸ் பிராஜெக்ட்டா?"

"ஆமாண்ணே. கலர்லயே இருபது போடுங்க."